ரப்பர் பாதம்

குடும்பங்களைத் திரட்டி ஞாயிறுதோறும் இயற்கை நடை நடத்தும் ஒருங்கிணைப்பாளருக்கு வழிகாட்டிமேல் ஒரே சந்தேகம். மூன்று வாரமாக ஏரித் திருப்பத்தின் ஈரமண்ணில் தவறாமல் சிறுத்தைக் காலடி. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், பெற்றோர் செல்போனைத் தூக்குவார்கள். அவனோ ஒன்றும் தெரியாதவன்போல் நிற்பான். பிள்ளைகள் மண்ணில் அச்சுக் குத்தி விளையாட அலுவலக அலமாரியில் ரப்பர் பாதங்கள் உண்டு. சிறுத்தைப் பாதமும் உண்டு. யார் காதில் பூச்சுற்றுகிறான்?

கையும் களவுமாகப் பிடிக்க, இன்று கூட்டம் வருமுன்பே, இருட்டோடு போய் அந்தத் திருப்பத்துப் புதருக்குப் பின்னால் பதுங்கினாள். பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் வந்தான், மண்ணில் குனிந்தான். இவள் எழுந்து போனாள்.

"மாட்டினீங்களா? எடுங்க அந்த ரப்பர் பாதத்தை."

அவன் முறைத்தான். "நல்லா இருக்கு மேடம். நான் உங்களைப் பிடிக்கத்தானே சீக்கிரம் வந்தேன். கூட்டம் சேர்க்க நீங்கதான் குத்துறீங்கன்னு நினைச்சு, அந்தப் பாதத்தைப் போன வாரமே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

இருவரும் கீழே பார்த்தார்கள். சிறுத்தைக் காலடிகளில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவை அவள் பதுங்கியிருந்த புதரின் பின்பக்கமாகப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.