ஓடும் மிஷினை நிறுத்தியவள்

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற வழியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த நார் மில்லில் ஈஸ்வரபாண்டி ஃபோர்மேன். ஊறவைத்த தேங்காய் மட்டையை ரோலரில் நசுக்கி, நாரைத் தனியாகவும் தூளைத் தனியாகவும் பிரித்து, தூளைக் கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில். மிஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும், பாதுகாப்பைக் கவனிக்கவென்று ஜெபஷீலாவைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். வந்த வேகத்தில் அவள் எல்லோரையும் நார் காயப்போடுகிற களத்தில் கூட்டி உட்காரவைத்தாள்.

"மில் நிர்வாகம் என்ன செய்யணும்னு நான் மேல பேசிக்கிறேன். உங்களால என்ன முடியும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் சரி, செய்யிறதா இருக்கணும்."

தூள் பறக்கும்போது மாஸ்க்கைக் கழற்றமாட்டேன் என்றார் ஒருவர். செருப்பில்லாமல் உள்ளே வரமாட்டேன் என்றார் இன்னொருவர். ஈஸ்வரபாண்டியின் முறை வந்தது. அவர் எழுந்து நின்று, "இங்கன வேலை பாக்கிற எல்லாரையும் என் சொந்தப் பிள்ளைகளாட்டம் பாத்துக்கிருவேன்" என்றார். கை தட்டினார்கள். உட்காரும்போது அவருக்கே நெஞ்சு நிறைந்திருந்தது.

பெல்ட்டில் மட்டை தள்ளிவிடுகிற மாரீஸ்வரி கடைசி வரிசையில் இருந்தாள். பண்ணைப்புரத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். அதிகம் பேசமாட்டாள்.

"ஓடுற மிஷினுக்குள்ள யாரு கைய விட்டாலும் நான் ஸ்டாப் பட்டன அமுக்கிருவேன்."

"யாரா இருந்தாலுமா?" என்று ஜெபஷீலா கேட்டாள்.

"யாரா இருந்தாலும்தேன் மேடம்."

அவளுக்கு யாரும் கை தட்டவில்லை.

அடுத்த வாரமே ரோலரில் ஒரு மட்டை குறுக்கே சிக்கியது. ரோலருக்கு மேலே முன்பு ஓர் இரும்பு மூடி இருந்தது. சிக்கிய மட்டையை எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று ஈஸ்வரபாண்டியே அதைக் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் சாய்த்துவைத்திருந்தார். மிஷினை நிறுத்திவிட்டு எடுக்கலாம். ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்பி, சீராக ஓடவைக்க நேரமாகும். வெளியே லாரி வேறு நின்றுகொண்டிருந்தது. அவர் எப்போதும் செய்வதுபோல், ஓட்டத்திலேயே கையை விட்டு மட்டையின் நுனியைப் பிடித்தார்.

மிஷின் நின்றது. சத்தம் அடங்கியதும் தோப்பில் காக்கை கத்துவதுகூடக் கேட்டது.

"எவன்டா நிப்பாட்டுனது?"

"நாந்தேண்ணே" என்றாள் மாரீஸ்வரி. அவள் கை இன்னும் சிவப்புப் பட்டன் மேலேயே இருந்தது. "உங்க கை உள்ள இருந்துச்சு."

சுற்றிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் அவரை உசுப்பியது.

"என் கை எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதோ? நீ பொறந்து வளந்து வந்து எனக்கு மிஷின் ஓட்டச் சொல்லிக்குடுக்கிறியாக்கும்? ஏத்தா, பட்டன அமுக்க அம்புட்டு ஆசையா இருந்தா வீட்டுல போயி மிக்சிய அமுக்கு. இனிமே எங்கிட்டக் கேக்காம அதத் தொட்ட, மறுநா வேலைக்கு வராத."

எல்லோரும் சிரித்தார்கள். ரோலர் பக்கம் வேலை பார்க்கிற கர்ணன்தான் உரக்கச் சிரித்தான். மாரீஸ்வரி மட்டை அள்ளப் போனாள். அன்றிலிருந்து அவளுக்கு 'மிக்சி' என்று பேர் விழுந்தது. ஈஸ்வரபாண்டியும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் திரும்பிப் பார்ப்பாள்; முகத்தில் ஒன்றும் இருக்காது.

மழை பிடித்துக்கொண்ட நாட்கள் வந்தன. ஈர மட்டை அடிக்கடி சிக்கியது. ஒரு மத்தியானம் ஈஸ்வரபாண்டி கட்டி அழுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது மாரீஸ்வரி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவளுடைய வலது கை பட்டனுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. என்ன கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. "என்னா?" என்பதுபோல் மோவாயைத் தூக்கினார்.

அதற்குள் கர்ணன் அலறிவிட்டான்.

மிஷினை நிறுத்தியது மாரீஸ்வரிதான். ஆனால் ரோலர் முந்திக்கொண்டது. கர்ணனின் கையைத் துண்டில் சுற்றி, அவனைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் ஜெபஷீலா எல்லோரையும் நிற்கவைத்து விசாரித்தாள். அவன்தான் கையை விட்டான் என்றார்கள். மூடி இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லை. நாரை மூட்டையாக அழுத்திப் பேல் கட்டுகிற ஆள் ஒருவன், "பட்டன் பக்கத்துலதான மாரீஸ்வரி நின்னுச்சு? அது பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றான்.

ஜெபஷீலா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அன்னைக்கு அமுக்குவேன்னு சொன்னீங்க?"

மாரீஸ்வரி தரையைப் பார்த்தாள். "ஆமா மேடம். அமுக்கியிருக்கணும். தப்பு என்னோடதுதேன்."

ஈஸ்வரபாண்டிக்குக் காது இரண்டும் கொதித்தன. அவள் எதற்காகத் தன்னைப் பார்த்தாள் என்பது அவருக்கு ராத்திரியே விளங்கிவிட்டது. கேட்காமல் தொடாதே என்று சொல்லியிருந்தார், அவள் கேட்டாள். அதை இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார். எல்லோருடைய முகங்களும் கண்ணில் பட்டன. "சரி சரி, வேலையப் பாப்போம்" என்றுதான் வந்தது.

அதன்பின் மாரீஸ்வரி வேலைக்கு வரவில்லை.

கர்ணனைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆப்பிள் வாங்கிப்போயிருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கிவைத்திருந்த கர்ணன், அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படு, படு."

"அண்ணே, உங்க கைப்பக்குவம் எனக்கு வரல பாத்தீகளா" என்றான் கர்ணன், சிரிக்க முயன்றபடி. "நீங்க எடுக்கையில எத்தன தடவ பாத்திருக்கேன். இன்னுங் கொஞ்சம் வெரசா இழுத்திருக்கணும். என் தப்புத்தேன்."

ஈஸ்வரபாண்டியால் அங்கே உட்காரமுடியவில்லை. இவனும் தப்பைத் தன் மேலேயே எடுத்துக்கொள்கிறான். இனி மிச்சமிருப்பது தான் ஒருத்தன்தான். மருந்துச் சீட்டு வாங்கிவருகிறேன் என்று எழுந்தவர், வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். பின்னால் குடத்தோடு நின்ற யாரோ ஓர் அம்மா, "கழுவி முடிச்சாச்சுன்னா நகருங்கய்யா" என்று சொல்லவேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் மிஷின் கிளப்பும் முன்னால் அவர் ஜெபஷீலாவிடம் போய் எல்லோரையும் களத்துக்குக் கூப்பிடச் சொன்னார்.

பேச்சு அவருக்குச் சரியாக வரவில்லை. மூடியைக் கழற்றியது தான் என்றார். மாரீஸ்வரி முதல் தடவை நிறுத்தியபோது, தான் பேசிய பேச்சைத் திரும்பச் சொன்னார். மிக்சி என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு அந்தப் பிள்ள என்னயத்தான் பாத்துச்சு. அமுக்கவான்னு கேட்டுச்சு. நான் என்னான்னு கேட்டேன். அவ்வளவுதேன். எல்லாரையும் பாத்துக்கிருவேன்னு பெருசாச் சொன்னேன்ல, அது சும்மா. இப்பச் சொல்றேன். மூடியில்லாம மிஷின் ஓடாது. யாரு நிப்பாட்டுனாலும் நான் வைய மாட்டேன். நிப்பாட்டுன பிறகுதேன் ஏன்னு கேப்பேன்."

யாரும் கை தட்டவில்லை. பேல் கட்டுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெபஷீலா மட்டும், "மூடிய இன்னைக்கே மாட்டிரலாமா?" என்று கேட்டாள். துருப்பிடித்திருந்ததைத் தேய்த்து, புது போல்ட் போட்டு மாட்டினார்கள்.

சொன்னது சுலபம். கொஞ்ச நாள் கழித்து, பெல்ட்டில் நின்ற புதுப்பெண் ஒருத்தி, நார்க்கொத்தைப் பார்த்துவிட்டு யாருடைய முந்தானையோ என்று பயந்து மிஷினை நிறுத்திவிட்டாள். ஈஸ்வரபாண்டிக்குப் பழைய கோபம் அப்படியே தொண்டைவரை ஏறியது. வார்த்தைகூட நாக்கில் தயாராக இருந்தது. கர்ணனின் கையைப் பார்த்த பிறகும் தனக்குள் இது அடங்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் பட்டனிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"நல்லதுத்தா" என்றார். "பாத்துட்டு ஓட்டுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பண்ணைப்புரம் போக அவருக்குத் துணிச்சல் வந்தது. மாரீஸ்வரியின் புருசன் ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறிப் போயிருந்தான். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. களத்தில் சொன்னதையெல்லாம் நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு மேடம் உன்னயக் கேக்கையிலயே சொல்லியிருக்கணும். வாய மூடிக்கிட்டு நின்னேன். நான் வஞ்சதவிட அதுதேன் அசிங்கம். வேலைக்கு வாத்தா."

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இங்கன திராட்சைத் தோட்டத்துல வேலை கெடச்சிருச்சுண்ணே. நான் வரல." பிறகு, "உங்க மேல கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எம்மேலயும் இருக்கு. உங்க மூஞ்சியப் பாத்தேம்பாருங்க, அந்நேரம் அமுக்கியிருந்தா அவுகளுக்கு விரல் இருக்கும்."

"நீ அப்பிடி நெனைக்காத."

"நெனப்பு வருதே, என்னா செய்ய?"

அவர் கிளம்புவதற்காக வண்டிச் சாவியை எடுத்தபோது அவள் கேட்டாள்.

"கர்ணண்ணன் வீட்டுக்கு வந்துட்டாகளா?"

"வந்துட்டான். அடுத்த மாசம் எடை மேடைக்கு வேலைக்கு வர்றான்."

"நான் இன்னும் போயிப் பாக்கல. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. அவுக வீட்டம்மா என்னயப் பாத்து என்னா நெனைப்பாகளோ."

"எனக்கும் அதே கூச்சந்தேன்" என்றார் ஈஸ்வரபாண்டி. "ஆஸ்பத்திரியில பாத்ததோட சரி. வீட்டுப் பக்கம் போகல."

அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அவள் பஸ்ஸில் ஏறினாள். அவர் வண்டியில் முன்னால் போய், கர்ணனின் வீடு இருந்த காமயகவுண்டன்பட்டி ஸ்டாப்பில் நின்றார். பஸ் வரும்வரை திரும்பிப் போய்விடலாமா என்று பலமுறை தோன்றியது. அவள் இறங்கியதும் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள்.

கர்ணனின் மனைவி கதவைத் திறந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால் நின்ற மாரீஸ்வரியைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

"நடந்ததச் சொல்ல வந்திருக்கோம்மா" என்றார் ஈஸ்வரபாண்டி. "முழுசாக் கேட்டுட்டு, போகச் சொன்னீகன்னா போயிர்றோம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிலைப்படியை விட்டு ஒதுங்கி வழி விட்டாள்.