அக்காவுக்குள் நின்றவர்கள்

டொறத்தி அவசரப்பட்டுவிட்டாள். அவளுடைய அக்கா அருள்நாயகிக்குச் சூலகப் புற்றுநோய். வெட்டியெடுத்த கட்டிக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள், அதாவது நோயோடு போராடும் உயிரணுக்கள், நிறைய இருப்பதாக டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதுமே, அவர் முடிக்கும் முன் இவள் தமிழில் சொல்லிவிட்டாள்: "அக்கா, உங்கட உடம்பே உள்ளுக்கை போய்ச் சண்டை பிடிக்குதாம்!"

அருள்நாயகி சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் தொடர்ந்தார். அந்தக் கலங்களில் பல கட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டன. அதைத் தாக்க வரும் மற்றக் கலங்களை அடக்குகின்றன. மிஞ்சிய நோய்க்குப் புதன்கிழமை ஏற்றத் தொடங்கும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. டொறத்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மிகுதியை மொழிபெயர்க்கவில்லை. நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. மன்னாரில் அம்மா தன் நோயின் பெயர் தெரியாமலே இறந்தாள்.

புலம்பெயர்ந்து குடியிருக்கும் செவன் ஹில்ஸ் வீட்டுக்கு வந்தபின் அக்கா சொன்னாள்: "புதன்கிழமை மருந்தேத்த வரேல்லை எண்டு சொல்லிப்போடு."

"ஏனக்கா?"

"என்ர ஆக்கள் உள்ளுக்கை அடிபடுகினம் எண்டு நீதானே சொன்னனீ? மருந்து அவையையுமெல்லோ கொல்லும். உன்ர மனுசன்ர சமையலைத் தாங்கின உடம்பு, இதைத் தாங்காதோ?"

டொறத்திக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் புதன்கிழமை வீட்டிலேயே கிடப்பாள். உள்ளே அது வளரும்.

திரும்பி வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். தூரத்தில் ரயில் ஒன்று போய் ஓய்ந்தது.

"அக்கா, டாக்டர் சொன்னதில பாதியை நான் சொல்லேல்லை. உள்ளுக்கை நிக்கிறது உங்கட ஆக்கள்தான். ஆனா கனபேர் கட்டிக்குக் காவல் நிக்கினமாம். அடிக்க வாற மற்றவையை மறிக்கினமாம்."

அருள்நாயகி சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "ஊரில ஆமிக்காரன் சென்றியில எங்கட ஆக்களையே காவலுக்கு நிப்பாட்டி, ரோட்டில எங்களை மறிச்ச மாதிரி."

"ஓம்."

"திரும்பி எங்கட பக்கம் வருவாங்களோ?"

"தெரியாதக்கா. நான் கேக்கேல்லை."

அக்கா அழுவாள் என்று டொறத்தி காத்திருந்தாள்.

"புதன்கிழமை வாறன். ஆனா மொழிபெயர்க்க வேற ஆளைக் கேள். நீ பக்கத்தில இரு. வாயை மட்டும் திறக்காதை."

டொறத்தி தொலைபேசியை எடுக்க எழுந்தாள். அக்கா மீண்டும் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.