ஜல்தி சொன்னது யார்

அணிலுக்கு வால் எவ்வளவு போக வேண்டும் என்பதில்தான் பேரம் தொடங்கியது.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி அது. எச்.ஆர். அதிகாரி ரகுவின் மேசையில் ஷாரோன் எழுதி வரைந்த படப் புத்தகத்தின் மாதிரி கிடந்தது. ஷாரோன் மண்ணூர்க்காரி, கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர். பகிர்ந்து தின்பது பற்றி ஒன்று, பல் துலக்குவது பற்றி ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு புத்தகம் போட்டவள். பாதுகாப்பு வாரத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுக்க, 'கவனம்' என்ற நீதியோடு ஒன்று வேண்டுமென்று ரகு கேட்டிருந்தான்.

நீதிக்கு ஆள் தயாராகவே இருந்தான், உயிரோடு இல்லை என்பதுதான் குறை. போன மாதம் பிரஸ் மெஷினில் சிக்கிச் செத்த மாரிசெல்வம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நோட்டீஸ் போர்டில் 'கவனக்குறைவு' என்று அவன் கணக்கை முடித்துவிட்டார்கள். அன்றைக்கு டார்கெட் எட்டவில்லையென்று சூப்பர்வைசர் ரத்தினம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டியது லைனில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று சொன்னால் வேலை போகும் என்பதும் தெரியும்.

மாரிசெல்வத்தின் மனைவி இசக்கிசெல்வி இப்போது அதே கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். மகள் செல்லக்கனியைக் காப்பகத்தில் விட வந்தவள், புத்தகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு ஷாரோனிடம் சொன்னாள்: "டீச்சர், ஊரு என்ன வேணாலும் பேசிட்டுப் போட்டும். எம்பிள்ள மனசுல அவ அப்பா மேலதான் தப்புன்னு விழுந்துரக் கூடாது."

அதனால் ஷாரோனின் கதையில், கொட்டை உடைக்கும் அணிலின் பின்னால் ஒரு யானை நின்றது. "ஜல்தி, ஜல்தி" என்றது. அணிலின் வால் கல்லுக்கடியில் போனது.

"முழு வாலும் போவுதா? பசங்க பயந்துடும் மேடம்," என்றான் ரகு. "பாதி போதும்."

"பாதி போனா யாரும் சாவறதில்ல சார்."

"இதுல யாரும் சாவ வேணாம். நுனி மட்டும். மேல ஒரு பேண்டேஜ்."

"சரி, நுனி."

"ரத்தக் கலரு?"

"எடுத்துடுறேன்."

"கடைசிப் பக்கத்துல அணில் அழுவுது."

"சிரிக்க வெச்சிடுறேன். ஆனா ஜல்தி இருக்கணும் சார். அந்த வார்த்தையில மட்டும் கை வெக்கக் கூடாது."

ரகு யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வெக்க மாட்டேன். ப்ராமிஸ்."

வாலைக் கொடுத்து வார்த்தையை வாங்கிவிட்டோம் என்று ஷாரோன் நினைத்தாள். நல்ல வியாபாரமாகத்தான் தெரிந்தது.

பாதுகாப்பு வார விழாவன்று ஷாமியானாவுக்குள் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுத்தான் அச்சடித்த புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்கள். ஐந்தாம் பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். 'ஜல்தி, ஜல்தி' அச்சுப் பிசகாமல் இருந்தது. அதைச் சுற்றியிருந்த பேச்சு வட்டத்தின் கூர்முனையை மட்டும் யானை வாயிலிருந்து எடுத்து அணில் வாய்க்குத் திருப்பியிருந்தார்கள்.

"இன்னா சார் இது?"

"வார்த்தையில கை வெக்கலையே மேடம்," என்றான் ரகு, குரலைத் தாழ்த்தி. "படிங்க, எம்.டி. பாக்குறாரு."

படித்தாள். அந்தப் பக்கம் வந்ததும் தொண்டையைக் கனமாக்கி யானைக் குரலில் "ஜல்தி, ஜல்தி" என்றாள்.

முன்வரிசையிலிருந்து செல்லக்கனி கை தூக்கினாள். "மிஸ், அது அணில் சொல்லுது. கூரு யாரு வாய்க்குப் போவுதோ அவங்கதான் பேசுறாங்கன்னு நீங்கதான சொன்னீய."

பிள்ளை எழுந்து, ஓரத்தில் டீ டம்ளர்களோடு நின்ற அம்மாவிடம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனது. "எம்மா, அப்பாவும் இப்படித்தான் அவசரப்பட்டாவளா?"

இசக்கிசெல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உங்கப்பா வாயில எப்பமாவது ஜல்தின்னு கேட்டிருக்கியாட்டீ?"

பிள்ளை யோசித்தது. "இல்ல. அப்பா வெரசான்னுதான் சொல்லுவாவ. 'வெரசா சாப்பிடுட்டீ'ம்பாவ."

"பெறவு? இது வேற யாரோ பேசுன பேச்சு. இந்த அணிலு வாயில கொண்டாந்து ஒட்டியிருக்காவ."

செல்லக்கனி ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்து, அணிலிடமிருந்து மெல்ல நகர்த்தி, யானையின் மேல் நிறுத்தினாள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரகு தலையாட்டினான். அவனுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "நல்ல பாயிண்ட்மா. இங்க நெறைய பேரு திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்கதான். மேடம், அடுத்த பிரிண்ட்ல 'வெரசா'ன்னே மாத்திடுங்க. நம்ம ஆளு பேசற மாதிரியே இருக்கும்."

ஷாரோன் இசக்கிசெல்வியைப் பார்த்தாள். அவள் புத்தகத்தை மூடி, முந்தானையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப ஜல்தின்னு போட்டிருக்க இத நான் வச்சிக்கிடுதேன் சார்."

"எடுத்துக்கோங்கம்மா," என்றான் ரகு. "ஃப்ரீதானே."