டென்வரில் இல்லாத டென்வர்

என் தம்பி ஆரினுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கண்ணுக்குப் பதிலாகக் கடவுள் அவனுக்குக் காதைக் கொடுத்தார் என்று எங்கள் பாதிரியார் அடிக்கடி சொல்வார். காதைக் கொடுத்தவர் கூடவே கொஞ்சம் புத்தியையும் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அந்தக் காலத்தில் தூர ஊருக்குப் போன் போட்டு, எதிர்முனையில் எடுப்பதற்குள் ஒரு குறிப்பிட்ட சுருதியில் விசிலடித்தால், பேச்சு முடிந்துவிட்டது என்று போன் கம்பெனியின் இயந்திரம் நம்பிவிடும். ஆனால் தூரத்து லைன் நம் கையிலேயே திறந்து கிடக்கும். அதன் பிறகு எண்களுக்கான ஒலிகளை அனுப்பினால் காசில்லாமல் எங்கே வேண்டுமானாலும் பேசலாம். மற்ற பையன்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டு, அந்த ஒலிகளை எழுப்பும் பெட்டி செய்தார்கள். ஆரின் உதட்டைக் குவித்தால் போதும். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டே டோக்கியோவில் மணி என்ன என்று கேட்டு வைப்பான். யாருக்கு வேண்டும் டோக்கியோ மணி? எங்கள் இண்டியானாவில் சோளக்கொல்லைக்குப் போகிறவனுக்கா?

இப்படிப்பட்ட பைத்தியங்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அவர்கள் கூடும் இடமும் ஒன்று இருந்தது. மேற்கே ஏதோ ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், சோதனைக்காக வைத்துவிட்டுக் கம்பெனி மறந்துபோன ஓர் எண். அதைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே லைனில் வந்து விழுவார்கள். சந்தைக்கடை மாதிரி ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அதே லைனில் இருந்த சமையலறை போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆப்பிள் நறுக்கியபடி நானும் கேட்பேன்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. யாரும் தன் பெயரையோ ஊரையோ சொல்லக் கூடாது, கம்பெனிக்காரன் ஒட்டுக்கேட்பான். அதனால் ஆளுக்கு ஓர் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதுவும் தான் ஒருநாளும் மிதிக்காத ஊராக இருக்க வேண்டும். ஆரின், டொலீடோ. நான், மயாமி. கட்டைக்குரலில் ஒருவன் பாஸ்டன். அவன் பாஸ்டனைத் தவிர எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்த வசந்தத்தில் டென்வர் வந்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. தொண்டையில் லேசான கரகரப்பு. சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு வாங்கும்வரை நிறுத்தமாட்டாள். முதல் நாளே என் தம்பியை ஒரு பிடி பிடித்தாள்.

"டொலீடோ, நீ விசிலடிச்சுத்தான் உள்ள வந்தியாமே? தினமும் பல்லு வெளக்குறியா இல்லையா? லைன் பூரா வெங்காய வாசம்."

"வாசமெல்லாம் லைன்ல வராது."

"வருதே! உன் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியும்."

"எப்படி இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும், நான்தான் குருடியாச்சே!"

ஆரின் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் டோக்கியோ எல்லாம் போயே போய்விட்டது. சாயங்காலமானால் டென்வர்தான். மற்றவர்கள் கேலி செய்து அலுத்துப்போய் அவர்களை விட்டுவிட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பையன் சட்டையை மாற்றிக்கொண்டு போன் முன்னால் உட்காருகிறானே என்று மட்டும் ஆச்சரியப்பட்டாள்.

கோடை தொடங்கியபோது டென்வர் கேட்டாள். "எனக்கு மட்டும் சொல்லேன். உன் நிஜப் பேரு என்ன?"

"டொலீடோ."

"ஏய், வெளையாடாத."

"சட்டம்னா சட்டம். இன்னிக்கு உனக்குச் சொன்னா நாளைக்குப் பாஸ்டன் கேப்பான்."

"பாஸ்டன் உன்னைக் காதலிக்கிறானா என்ன?"

லைனில் இருந்தவர்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். இந்த மடையன் மறுபடியும் "டொலீடோ" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் அவள் குரல் இறங்கிப்போய் வந்தது. அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டதாம். குடும்பத்தோடு சித்தப்பாவின் பண்ணைக்குப் போகிறார்களாம். அங்கே போனே கிடையாதாம்.

"அடுத்த வாரம் கிளம்புறோம். பேரும் ஊரும் சொல்லிக்கிட்டா கடுதாசியாவது போடலாம்ல. எங்கம்மா படிச்சுக் காட்டுவா."

ஆரின் மெதுவாக, "சொல்றேன்" என்றான். "ஆனா இவ்வளவு பேரு நடுவுல வேணாம்."

"ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருவாங்க. லைன் காலியா இருக்கும். அப்ப வா. நானும் சொல்றேன்."

அந்த வாரம் பார்த்து லைனில் ஓர் இரைச்சல் புகுந்தது. முதலில் தேனீ போல ரீங்காரம். இரண்டு நாளில் ஆலை ஓடுகிற மாதிரி ஆகி, பாதி வார்த்தை கேட்கவில்லை. ஆரின் காதைப் பொத்திக்கொண்டு அலைந்தான். இரைச்சல் எந்தக் கேபிளில் இருக்கிறது, அது எந்த ஊர் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தும்விட்டான். வியாழக்கிழமை அந்த எக்ஸ்சேஞ்சுக்கே போன் செய்து பழுதைச் சொல்லப் போகிறேன் என்றான்.

"டேய், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? திருடப் போற வீட்டுல தாழ்ப்பாள் சரியில்லன்னு போலீஸ்கிட்ட போய்ச் சொல்வியா?"

"அக்கா, நான் கம்பெனி ஆள் மாதிரிப் பேசுவேன். எத்தனை தடவ பேசியிருக்கேன்."

"அதான் பாதி வார்த்த கேக்குதே, அது போதாதா?"

"அவ பேரைச் சொல்லப் போறாக்கா. ஒரு எழுத்துகூட எனக்குத் தப்பக் கூடாது."

அவன் குரலைத் தாழ்த்தி, தலைமை சோதனைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கேபிள் எண்ணோடு பழுதைப் புட்டுப்புட்டு வைத்தான். எதிர்முனையில் இருந்தவர் அசந்துபோய் நன்றி சொன்னார்.

சனிக்கிழமை மதியம் ஆரினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததா என்று அதே மனிதரைக் கூப்பிட்டான். நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"முடிஞ்சுது சார்! நீங்க சொன்ன எடத்துலயேதான். கேபிள்ல தண்ணி எறங்கியிருந்துது. உங்க காதுக்குக் கும்பிடு போடணும்."

"பரவால்ல, நம்ம வேலதானே."

"இன்னொன்னும் கெடச்சுது சார். கேபிளத் தொறந்து பாத்தப்பதான், ஒரு பழைய டெஸ்ட் நம்பர் உசுரோட இருக்கறது தெரிஞ்சுது. உள்ள பூந்து பசங்க கும்மாளம் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. பிடுங்கி எறிஞ்சுட்டேன். நீங்க சொல்லலன்னா இன்னும் பத்து வருஷம் ஆனாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த நல்ல மனிதர், "சார்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் தம்பி, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் சர்ச்சுக்குக் கிளம்பியதும் அவன் விசிலடித்தான். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த பெண்குரல் சொன்னது. அதன் குறுக்கே "டென்வர்! டென்வர்!" என்று கத்தினான். அப்படிக் கத்தினால் அதே அறிவிப்பில் மாட்டிக்கொண்ட இன்னொருவருக்குச் சில நேரம் கேட்கும். பாஸ்டன் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து, "யாருடா இது, என்ன ஆச்சு?" என்றான். அவள் குரல் வரவில்லை. ஆரின் அறிவிப்பு ஓய ஓய மறுபடி விசிலடித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்ததும் நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் பக்கத்து எண்களையெல்லாம் தடவிப் பார்த்தான். டென்வர் ஊர் இருக்கும் கொலராடோ பக்கம் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"அக்கா, இந்த நாட்டுல அவ நிச்சயமா இல்லாத ஊரு ஒண்ணே ஒண்ணு, டென்வர். அதுதான் எனக்குத் தெரியும்."

அடுத்த வாரமும் முடிந்துபோனது. டென்வரின் குடும்பம் வீட்டைக் காலி செய்திருக்கும். எங்கள் வீட்டுப் போன் மணி அடித்தபோதெல்லாம் ஆரின் விழுந்தடித்து ஓடினான். ஒருமுறை நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு எடுத்தான். அம்மாவின் சர்ச் சிநேகிதி. போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவளா இருக்க முடியாதுன்னு தெரியும்க்கா. இருந்தாலும் ஓடுறேன்."

நான் அவன் முழங்காலைத் தேய்த்துவிட்டேன்.

"அவ கேட்டப்பவே சொல்லியிருந்தா, யாராவது ஒரு ஆபரேட்டர்கிட்ட எம் பேரையும் ஊரையும் சொல்லி அவளே நம்பரைக் கேட்டிருப்பா. இந்த ஊர்ல நம்மளத் தவிர வேற டட்டில் குடும்பமே கெடையாது. போன் நேரா இங்க அடிச்சிருக்கும்" என்றான் ஆரின்.