ஈரக் கையுறை

"கையுறையப் போட்டு, இந்தச் சோப்புத் தண்ணியில முக்கி, நம்ம குறட்டால இந்தப் பொம்மைத் தாடையிலேருந்து ஒரே ஒரு பல்ல நீங்களே புடுங்கிக் காட்டுங்கய்யா."

அவள் கேட்டுவிட்டாள். மெருகு போட்ட குறடுகளைத் தட்டில் ஏந்தி வந்த சித்தப்பா கூட்ட அறை வாசற்படியிலேயே கல்லாய்ச் சமைந்தார்.

பல் பிடுங்கும் குறடு செய்யும் கம்பெனி அது. மெருகுப் பிரிவில் வேலை பார்க்கும் சித்தப்பாதான் அவளை அங்கே சேர்த்துவிட்டார். முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: "லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, என்ன வேணாக் கேளு. ஐயா கையச் சோதிக்கிற மாதிரி மட்டும் எதையும் கேட்டுடாத." குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். ஊரெல்லாம் "எங்க வீட்டு இஞ்சினியர்" என்று பீற்றிக்கொள்வார், அவள் வாயைத் திறந்தால் மட்டும் "நாலு எழுத்துப் படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்பார்.

ஐயா என்றால் முதலாளி. அவருடைய வலது கையைச் சாந்தில் வார்த்து, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முறம் மாதிரிக் கை. அந்தக் கம்பெனியின் எந்தக் குறட்டுக்கும் கைப்பிடி அந்தக் கைக்கு அளவெடுத்ததுதான். கையின் சொந்தக்காரரோ ஆயுளில் ஒரு பல்லைப் பிடுங்கியவர் இல்லை. இரும்பு வியாபாரம் பார்த்துவிட்டு இதற்கு வந்தவர். வாங்க வருகிறவர்களைப் பெட்டி முன்னால் நிறுத்தி, "இந்தக் கைக்குச் சரியா இருந்தா எந்தக் கைக்கும் சரியா இருக்கும்" என்பார். அவர்களும் சாமி கும்பிடுவதுபோல் தலையாட்டுவார்கள். மண்டு மண்டூகங்கள்.

அவள் பல் மருத்துவமனைகளுக்குப் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அங்கே குறட்டைப் பிடிப்பது பெரும்பாலும் சின்னக் கைகள். அதுவும் ரப்பர் கையுறைக்குள், எச்சிலிலும் ரத்தத்திலும் நனைந்த கைகள். கண்ணாடியாய் மின்னும் கைப்பிடி அந்த ஈரத்தில் விலாங்கு மீனாய் நழுவும். நழுவாமலிருக்க இறுக்கிப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிப் போகும். கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கும் டாக்டரம்மாவே தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டிக் காட்டியிருந்தார். "தலை சீவக்கூட முடியலம்மா. என் வீட்டுக்காரர்தான் சீவி விடறார். வெளிய சொல்லிடாத."

அதனால்தான் புதுக் குறடு செய்தாள். மெலிந்த கைப்பிடி, உள்ளங்கையில் உட்காரும் வளைவு, சுண்டுவிரலுக்கு ஒரு தாங்கல், மெருகே போடாத சொரசொரப்பு. ஈரக் கையுறையோடு அதைப் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "அடியே, இது என் கைக்குன்னே பொறந்ததுடி!" என்று சிரித்தார். அது உற்பத்திக்குப் போகுமா, குப்பைக்குப் போகுமா என்பது இன்றைய கூட்டத்தில் தெரிந்துவிடும்.

"அவ்வளவுதானே? கொண்டா" என்றார் ஐயா.

கையுறைக்குள் விரல்களைத் திணிப்பதற்கே அவருக்கு வேர்த்தது. சோப்புத் தண்ணீரில் முக்கினார், தன் பளபளக் குறட்டால் பல்லைக் கவ்வினார், ஒரு திருகு திருகினார். பல் அசையவில்லை. குறடு கையிலிருந்து துள்ளி மேசையில் வழுக்கிக்கொண்டே போய், எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது.

"கையுறை மட்டம்" என்றார் ஐயா.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். பொம்மையின் பல் என்பதால் போயிற்று. மனிதன் வாயாக இருந்தால் உதடு கிழிந்திருக்கும்.

ஐயா கையுறையை உரித்து எறிந்தார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. இத்தன வருஷமா நம்ம குறட்டத்தானே புடிக்கிறீங்க. வழுக்குதா?"

டாக்டரம்மா வலிக்கு மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டை தெரியாதபடி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பழகிட்டா ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

அவளுக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு பேசியதெல்லாம் பேச்சுக்குப் பேசியதுதான்.

"பாத்தியா?" ஐயாவின் குரல் குழைந்தது. "ஆனா பொண்ணு பாடுபட்டிருக்கு, அத ஒதுக்க மாட்டேன். இதையே என் கை அளவுக்குக் கொஞ்சம் பெருசாக்கி, நல்லாக் கண்ணாடி மாதிரி மெருகு போட்டு விட்டுடுவோம். அந்த வளைவு கிடந்துட்டுப் போகட்டும். புது டிசைன்னு சொல்லிக்கலாம்."

"அப்ப அது பழைய குறடுங்கய்யா."

"மினுமினுப்பு இல்லாத சாமான எவன் வாங்குவான்?"

"வாங்குறவர் கண்ணால வாங்குறார். புடுங்குறவங்க கையாலதானே புடுங்கணும்?"

"ஐயா பெருந்தன்மையாச் சொல்றாரு, சரின்னு சொல்லும்மா" என்றார் சித்தப்பா. மெருகு பிழைத்த நிம்மதி அவர் முகத்தில் எண்ணெயாய் வழிந்தது. அவர் பிழைப்பு அது, அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, தான் செய்த குறட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் படிப்புக்கு வெளியில வேலை வரிசைகட்டி நிக்குதா?" என்றார் ஐயா.

"நிக்கலைங்கய்யா. தெரிஞ்சுதான் போறேன்."

"ஏய், உங்கப்பாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?" என்று சித்தப்பா பதறினார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் சித்தப்பா. நானே சொல்லிக்கறேன்."

நடைபாதையில் செருப்புச் சத்தம் அவளைத் துரத்தி வந்தது. டாக்டரம்மா. மூச்சு வாங்க, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத கண்ணு. என் நெலம உனக்குத் தெரியும். அந்தக் குறடு... எனக்கு மட்டும் ஒண்ணு, யாருக்கும் தெரியாம செஞ்சு குடுத்துடேன்."

"மேசமேலதான் கெடக்கு டாக்டர். உள்ள போய், எல்லாரும் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்குங்க."

டாக்டரம்மா கூட்ட அறைக் கதவைப் பார்த்தார். போகவில்லை. வலிக்கிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றார்.

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கினாள்.