மேஸ்திரி வீட்டு நடுக்கம்

துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் மேஸ்திரியாக அவன் ஆன மறுநாள், காலை ஏழேகாலுக்கு, பயத்தில் வந்த அவன் கை நடுக்கம் நின்றது. ஏழரைக்கு அவன் வீட்டு அலமாரி நடுங்க ஆரம்பித்தது. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் மேஸ்திரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைக்க வேண்டும், பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். முந்தைய மேஸ்திரி ஒரு நாளைக்குப் பத்து முறை அப்படி வைத்ததால் அவருக்குப் பெருக்கல்குறி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இவனே முதல் ஆள். அதனால் காற்றடித்தாலும் கயிறு நைந்திருந்தாலும், தூக்கு என்று கட்டைவிரலைக் காட்டினான். கீழே நின்றவர்கள் அவனைக் கண்டபடி திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். கிரேன் ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் பதினோரு வருடம் யாரும் சாகவில்லை. பாராட்டெல்லாம் இந்தப் புண்ணியவானுக்கு.

அலமாரிக்குப் பிறகு கட்டில், அதன் பிறகு சுவர். முன்னறையில் கைக்கடிகாரம் பழுது பார்த்த அவன் மனைவிக்கு இரண்டாம் வருடம் கை நடுங்கியது. கடுகு அளவு திருகாணி இடுக்கியில் நிற்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

“பயம் உங்களோடது. கை மட்டும் என்னோடதா?” என்று கேட்டாள்.

“நான் எதுக்குப் பயப்படணும்?” என்றான். ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது.

போகப் போக அவனுக்கே அவன் மனசு பிடிபடவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டால்கூடச் சுவர் விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

பன்னிரண்டாம் வருடம் அவள் இடுக்கி, திருப்புளிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “பயமா இருக்குன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. பெட்டியைக் கீழே வச்சிடறேன்.”

அவன் முயற்சி செய்தான், அதில் பொய் இல்லை. கடைசியில் கணீரென்று வந்தது: “நீ போ. நான் சமாளிச்சுக்குவேன்.”

முன்சுவர் தெருவில் விழுந்தது. அவள் செங்கற்களைத் தாண்டிப் போனாள். மூன்றாவது தெருவில் அவள் கை நடுக்கம் நின்றது. சாயங்காலத்துக்குள் அவள் பழுது பார்த்த நான்கு கடிகாரங்கள் ஓடின.

மறுநாள் காலை, சுவரில்லாத அறையில் அவன் தனியாகச் சட்டைப் பொத்தான் போடுவதைத் தெருவே பார்த்தது. விரல் இம்மிகூட ஆடவில்லை. மீதிச் சுவர்களின் ஆட்டத்துக்குத் தெருக்காரர்கள் இப்போது பழகிவிட்டார்கள்; குழந்தைகளை மட்டும் எதிர்ப்பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள்.