இடது கைப் பிடி

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய ஒரு துப்பாக்கி சுடும் களம். ஞாயிற்றுக்கிழமை காலை. மேகலா இடது கையை நீட்டி, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினாள். முதல் குண்டு அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதற்கு ‘டக்’ என்று வெற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

“மறுபடியுமா?” என்றார் பின்னால் நின்று கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ராஜேஷ்குமார். மேகலா வேலை செய்யும் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் அவர். “லெஃப்ட் ஹேண்ட்ல இன்னும் ஸ்ட்ரென்த் வரலன்னு நினைக்கிறேன் மேகலா. ஜிம்முக்கு ஏற்பாடு பண்ணட்டுமா?”

மேகலா திரும்பவில்லை. வெடிக்காத துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது களத்தின் முதல் பாடம். குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, பொறுத்திருந்தாள். பிறகு குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு, வலது கையைக் கொண்டுவந்து, குழலை அடைக்கும் பின்பூட்டை இழுத்தாள். அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. அந்த இரண்டு விரலுக்குப் பிடிபடட்டும் என்றே பூட்டின் குமிழைப் பெரிதாக்கியிருந்தார்கள். உள்ளே குண்டு இல்லை. ஏறியிருக்க வேண்டிய குண்டு மேகசினின் வாயிலேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

“கையச் சொல்லாதீங்க சார்” என்று எழுந்து வந்தார் ஆஞ்சப்பன். ராணுவப் பட்டறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். இப்போது களத்துத் துப்பாக்கிகள் எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். “குண்டு உள்ள ஏறவேயில்ல. அதுக்கு இந்தப் பொண்ணு கை இன்னா பண்ணும்? கொடும்மா இப்பிடி, நோடுவோம், என்னான்னு பாப்போம்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் ‘உன் கையில் தப்பில்லை’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி மேகலா கேட்டது அதுதான் முதல் தடவை.

மேகலாவுக்குச் சிங்காரப்பேட்டை. அம்மா பூவம்மாள் ஊரில் களையெடுத்தும் கடலை பிடுங்கியும் மகளைக் காலேஜுக்கு அனுப்பியவள். அங்கே என்.சி.சி.யில் சேர்ந்து ரைஃபிள் சுட்டுப் பதக்கம் வாங்கினாள் மேகலா. பதக்கத்தை வைத்துக்கொண்டு அடுப்பு எரிக்க முடியாது. படிப்பு முடிந்ததும் ஓசூரில் கார்களுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் வேலை.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை அது. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிட வேண்டும். ஆனால் எண்ணெய்ப் புகை படிந்து படிந்து, கை போகாதபோதும் அது நிறுத்த ஆரம்பித்தது. நின்றால் உற்பத்தி குறையும். உற்பத்தி குறைந்தால் மேலே உள்ளவர்களுக்குத் தூக்கம் வராது. கெட்டுப்போன சென்சாரை மாற்றியிருக்கலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வயரைச் சொருகினார்கள். சென்சார் குருடானது, மெஷின் நிற்காமல் ஓடியது. போன வருஷம் ஒரு மத்தியானம், கோணலாக விழுந்த தகட்டை நேராக்க மேகலா கையை விட்டாள். மூன்று விரல்கள் போயின.

‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தார்கள். மேலிருந்து பார்க்க வந்த அதிகாரிகள் காரில் ஏறும்வரை வயர் வெளியே இருந்தது, சென்சார் நன்றாகவே வேலை செய்தது.

அதன்பிறகுதான் முதலாளிக்கு அந்த யோசனை உதித்தது. பெண்ணுக்குச் சுடத் தெரியும். பிஸ்டல் போட்டியில் ஒரே கைதான் தேவை. இடது கை இருக்கிறதே! வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும்போது காட்ட இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? களத்தின் உரிமத்தில் ஒரு பாயின்ட் டூ டூ பிஸ்டல் வந்தது. இடது கைக்கென்று வால்நட் மரத்தில் பிடி செய்யச் சொல்லிப் பெங்களூருக்கு ஆள் போனது. கேட் பக்கத்திலேயே மேகலாவின் ஆளுயரப் படம் எழுந்தது. ‘விரல்கள் போனாலும் விடாமுயற்சி போகவில்லை’ என்று கீழே கொட்டை எழுத்து. விரல்கள் எங்கே போயின, யாரால் போயின என்று மட்டும் போடவில்லை.

மேகலாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பிஸ்டலைக் கையில் எடுக்கும்போது, தான் இன்னும் எதற்கோ லாயக்கு என்று மனசு நிமிர்ந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாநிலப் போட்டியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிஸ்டலின் நோயைக் கண்டுபிடிக்க ஆஞ்சப்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டார். தோட்டாவை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். வேறு மேகசின் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ராஜேஷ்குமார் ஓடினார், முதலாளியே போன் போட்டு விசாரித்தார். கேட்ட தோட்டா கேட்ட அன்றே வந்தது. கடைசியில் ஆஞ்சப்பன் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, பிஸ்டலோடு வந்த பழைய வலது கைப் பிடியைப் போட்டுத் தானே வலது கையால் சுட்டுப் பார்த்தார். ஒரு குண்டுகூடச் சிக்கவில்லை.

“ஆஹா, அகப்பட்டான் திருடன்!” என்றார்.

மரப்பிடியைத் திரும்ப மாட்டி, மேகசின்மேல் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். மரத்தின் உள்விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது.

“பாத்தியாம்மா? இங்க மரம் துளி நீட்டிக்கிட்டு மேகசின அமுக்குது. அது முழுசா மேல ஏறல. பூட்டு முன்னால வர்றப்ப குண்டத் தாண்டிப் போயிடுது. மயிரிழைதான். அந்த மயிரிழைய யாரும் பாக்காம உன் கைமேல பழியப் போட்டாங்க.”

உப்புத்தாளால் அந்த விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். மேகலா சுட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகள் தடையில்லாமல் போயின.

ராஜேஷ்குமாருக்கு உற்சாகம் பொங்கியது. “சூப்பர் ஆஞ்சப்பா! அப்படியே அந்த ட்ரிகரையும் கொஞ்சம் லைட் பண்ணிடுங்க. தொட்டதும் வெடிக்கணும். அடுத்த வாரம் ஃபாரின் டீம் வருது, இங்கேயே டெமோ வச்சிருக்கோம்.”

ஆஞ்சப்பனின் முகம் மாறியது. “மாட்டன் சார். விசை இவ்ளோ பாரம் தாங்கணும்னு விதி இருக்குது. அதுக்குக் கொறஞ்சா, நெனைக்காத நேரத்துல வெடிக்கும்.”

“யாரு வந்து செக் பண்ணப் போறாங்க?”

“யாரும் பண்ண வேணாம். வெறும் அட்டையச் சுடற துப்பாக்கிதான் சார் இது. ஆனா பக்கத்துல மனுசன் நிக்கிறான். அவன் மேல ஒரு கீறல் படக் கூடாது, மார்க்கெல்லாம் அப்பறம். காவலக் கழட்டிப்புட்டு வேகத்தக் கூட்டறவன் மெக்கானிக் இல்ல, கொலகாரன்.”

மேகலாவின் இடது கை தன்னையறியாமல் வலது கையைப் பொத்திக்கொண்டது. அட்டையைச் சுடும் கருவிக்கு இவ்வளவு காவல். மயிரிழைக் குறையைத் தேடி இத்தனை பேர் ஓட்டம். தன் விரல்களுக்காக யார் ஓடினார்கள்? அந்தக் கேள்வி உள்ளே கனன்றது.

மறுநாள் ஷிஃப்ட்டில் அது பற்றிக்கொண்டது.

விபத்துக்குப் பிறகு மேகலாவுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. அடித்து வரும் தகடுகளை அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். அன்று நாலாம் நம்பர் பிரஸ்ஸில் புதிதாக ஒரு பெண் நின்றாள். பெயர் ஹரிணி, சாமல்பட்டிக்காரி, சேர்ந்து இன்னும் வாரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு தகடாக உள்ளே வைத்துக் கையை எடுத்துக்கொண்டிருந்தாள். கை உள்ளே போகும்போதெல்லாம் சென்சாரின் பச்சை விளக்கு சிவப்பாக வேண்டும். ஆகவில்லை. பச்சையாகவே எரிந்தது.

மேகலா கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் சூப்பர்வைசர் சுரேந்தரைப் பிடித்தாள்.

“சார், நாலாம் நம்பர்ல திருப்பியும் வயர் சொருகியிருக்கா?”

சுரேந்தர் கெட்டவன் இல்லை. அன்று மேகலாவின் கையைத் துணியால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். ஆனால் அவன் கண்கள் தரையைப் பார்த்தன. “மெதுவாப் பேசு மேகலா. புது சென்சாருக்கு எழுதிப் போட்டு நாலு மாசமாச்சு. அப்ரூவல் வரல. நான் இன்னா பண்றது?”

“பிஸ்டலுக்கு மரம் ஒரே வாரத்துல வந்துச்சே சார்?”

“இந்த லோடு போயிடட்டும், பேசறன்” என்று முனகினான்.

“என் விரல் போன அன்னிக்கும் ஏதோ ஒரு லோடு போக வேண்டியிருந்துச்சு.”

சொல்லிவிட்டு நேராக நடந்தாள். நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. ஹரிணி மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

“அக்கா, இன்னாக்கா பண்ற? என்ன வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க!”

“தள்ளி நில்லு கண்ணு. வேல போனா வேற வேல தேடிக்கலாம்.”

வரிசை முழுவதும் ஆட்கள் திரும்பினார்கள். ராஜேஷ்குமார் ஓடிவந்தார். அவர் பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

“மேகலா, என்ன இது? எக்ஸ்போர்ட் லோடு!” ராஜேஷ்குமார் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு கம்பெனி எவ்வளவு செஞ்சிருக்கு! நினைச்சுப் பாரு. நாளைக்கே பிஸ்டலை நிறுத்திட்டா மாநிலப் போட்டிக்கு எதை எடுத்துட்டுப் போவ?”

அந்த மிரட்டல் அவளை ஒரு கணம் உலுக்கத்தான் செய்தது. பிஸ்டல் போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அதற்குள் முதலாளி சுரேந்தர் பக்கம் திரும்பி, “மெஷினைப் போடுய்யா” என்றார்.

சுரேந்தர் மெஷின் அருகே போனான். எல்லோரும் அவன் பொத்தானை விடுவிக்கப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து, அந்தத் துண்டு வயரைப் பிடுங்கிக் கொண்டுவந்து முதலாளியின் முன்னால் நீட்டினான்.

“இத முன்னாடி சொருகினதும் நான்தான் சார். நீங்க சொன்னீங்க, செஞ்சன். அன்னிக்கு அந்தப் பொண்ணு கைய மடியில வச்சிக்கிட்டுப் போனதும் நான்தான். இன்னொரு கைய என்னால தூக்கிட்டுப் போவ முடியாது. வேணும்னா நீங்களே சொருகிக்குங்க.”

முதலாளி வயரைத் தொடவில்லை. சுற்றிலும் நின்ற இத்தனை கண்களுக்கு முன்னால் எப்படித் தொடுவார்?

மேகலா இப்போது பேசினாள். கத்தவில்லை, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. “என் படத்த கேட்ல வச்சீங்க, மால போட்டீங்க, துப்பாக்கி கொடுத்தீங்க. துப்பாக்கி சுடலன்னதும் இத்தினி பேரு ஓடி ஓடிக் கோளாறக் கண்டுபிடிச்சீங்க. கைய வெட்டற மெஷினுக்கு ஒருத்தர்கூட ஓடலியே சார்? கை போனவளுக்கு மால போடறது உதவி இல்ல. கை போவாம பாத்துக்கறதுதான் உதவி. மத்ததெல்லாம் வெளம்பரம்.”

யாரும் கைதட்டவில்லை. ஆனால் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவர் தன் மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அடுத்து ஐந்தாம் நம்பர். பிறகு கடகடவென்று வரிசை முழுவதும் ஓய்ந்தது. அந்தக் கொட்டகையில் வேலை நேரத்தில் அப்படியொரு நிசப்தம் அதுவரை நிலவியதில்லை.

நாலு மாதமாக வராத சென்சார் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது. எங்கிருந்து? கப்பலில் வரவில்லை, விமானத்தில் வரவில்லை. ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியைத் தாண்டினால் இருக்கிற ஒரு கடையிலிருந்து, ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை, அதுதான் விஷயம்.

மேகலாவை வேலையிலிருந்து நீக்க அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் கேட்டிலிருந்த படம் இறங்கியது. சுரேந்தரின் பதவி உயர்வு நின்றது. ராஜேஷ்குமார் களத்துக்கு ஆளனுப்பி அந்த வால்நட் மரப்பிடியை, கம்பெனிச் சொத்து என்று சொல்லி, கழற்றிக்கொண்டு போகச் செய்தார். மிச்சமிருந்த வலது கைக்காரருக்கான பிடியை இடது கையில் பிடித்துச் சுட முடியாது. மாநிலப் போட்டி மேகலாவுக்கு இல்லையென்று ஆனது.

அடுத்த ஞாயிறு அவள் களத்துக்குப் போனபோது, ஆஞ்சப்பன் பிடியில்லாத பிஸ்டலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு மனம் பொறுக்காமல் கேட்டார்.

“நீ பண்ணது சரிதாம்மா. ஆனா போட்டி முடியற வரைக்குமாவது பொறுத்திருக்கலாமே? கொஞ்ச நாள்தானே?”

மேகலா தன் இரண்டு விரல் கையை மேஜைமேல் வைத்தாள்.

“போட்டி அடுத்த வருசமும் வரும் சார். ஹரிணிக்கு வெரல் போச்சுன்னா, அது எந்த வருசமும் வராது.”